ஆளில்லாத வீட்டில் புகை

எங்கள் வீட்டைப் பற்றி ஒருவர் புத்தகம் எழுதியிருக்கிறார். மெல்லிய புத்தகம்தான், ஆனால் வழவழப்பான தாள். அதில் ஒரு படம். படத்தின் கீழே, ஆங்கிலத்திலும் மலையாளத்திலும், ‘குடியிருந்தோர் கைவிட்டுப் போனபின் கூரையின்றிப் பாழடைந்து நிற்கும் வீடு’ என்று போட்டிருக்கிறது. அந்தப் படம் எடுத்த நேரத்தில் நான் அதே வீட்டின் பக்கச் சுவரோரம், கையில் அரிசி முறத்தோடு, மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன். எனக்குப் பின்னால் என் தங்கை கோழிக்கூடையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றாள். அவளுக்குப் பின்னால் அப்பா, கயிற்றுக் கட்டிலைத் தலையில் கவிழ்த்துச் சுமந்தபடி. கைவிட்டுப் போனோமாம்! இத்தனை வருஷம் கழித்து எழுதும்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

வீட்டை முதலில் சொல்லிவிடுகிறேன். அது தெரியாவிட்டால் என் கோபம் உங்களுக்குப் புரியாது.

மட்டாஞ்சேரியில் சுக்குக் கிடங்குகளுக்குப் பின்னால் ஒரு சந்து. அந்தச் சந்தின் கோடியில் எங்கள் வீடு. ஊரில் அதற்கு ‘சாயிப்பின்ற புர’ என்று பேர், அதாவது வெள்ளைக்காரன் வீடு. கயிறு வியாபாரம் செய்த ஓர் இங்கிலீஷ்காரன் என்றோ கட்டியது. அவன் ஊரில் அவன் அப்பாவுக்கு ஒரு பண்ணை வீடு இருந்ததாம், ஓலைக் கூரையோ வைக்கோல் கூரையோ போட்ட பழைய வீடு. அதே மாதிரி தனக்கும் வேண்டும் என்று ஆசைப்பட்டிருக்கிறான். ஆசைப்பட்டவன் எங்கே இருக்கிறோம் என்று ஒரு தடவை யோசித்திருக்க வேண்டாமா? குளிருக்குப் பயந்து கட்டுகிற வீட்டைக் கொண்டுவந்து கொச்சியின் வேர்வையில் வைத்துவிட்டான். ஒரு முழத்துக்கு மேல் கனமான வெட்டுக்கல் சுவர். அதில் எலி எட்டிப் பார்க்கிற அளவுக்கு ஜன்னல்கள். குனியாமல் நுழைந்தால் நெற்றி வீங்கிவிடும் வாசல். வெயிலுக்கும் மழைக்கும் ஒதுங்க ஒரு வராந்தா கிடையாது. இது போதாதென்று கூடத்தின் ஒரு பக்கம் முழுவதையும் அடைத்துக்கொண்டு, குளிர் காய ஒரு கணப்பு! நாலு பேர் உள்ளே போய் உட்காரலாம், அவ்வளவு பெரியது. உட்கார இரண்டு பக்கமும் கல் பெஞ்சு வேறு. அதற்கு மேலே செங்கல் புகைபோக்கி, கூரையைத் துளைத்துக்கொண்டு வானத்துக்குப் போகும். கொச்சியில் எவன் குளிர் காய்வான், சொல்லுங்கள்!

ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். அந்தக் கூரையின் சட்டம் அற்புதமானது. சுவரடியிலிருந்து இரண்டு பக்கமும் வளைந்து மேலே போய் உச்சியில் ஒன்றையொன்று தொடும் பெரிய மரங்கள், ஜோடி ஜோடியாக. அவன் ஊரில் வளைந்து வளர்ந்த மரத்தையே பிளந்து அப்படி நிறுத்துவார்களாம். இங்கே அப்படி மரம் கிடைக்காததால் வள்ளம் கட்டுகிற ஆசாரிகளைப் பிடித்து, ஆஞ்சிலி மரத்தை வளைத்துச் செய்ய வைத்திருக்கிறான். அதனால்தான் எங்களுக்கு வருஷா வருஷம் ஓலை மேய வரும் சேட்டன், ஒவ்வொரு தடவையும் அண்ணாந்து பார்த்து, “இது வீடில்ல கேட்டோ, கவுத்துப் போட்ட வள்ளம்” என்பார். கூரை நல்ல செங்குத்து. எவ்வளவு மழை கொட்டினாலும் ஒரு நொடி நிற்காது, வழிந்து ஓடிவிடும்.

இந்த வீட்டை மனுஷர் குடியிருக்கிற இடமாக ஆக்கியது என் அம்மா. கூரை இறவாரத்தை இரண்டு முழம் நீட்டி இறக்கச் சொன்னது அவள்தான், சுவரில் சாரல் அடிக்காமல் இருக்க. சமையலுக்குத் தனி இடம் இல்லாத வீட்டில், அந்தக் கணப்புக்குள்ளேயே மூன்று அடுப்பு போட்டாள். புகை தானாகப் புகைபோக்கி வழியே மேலே போயிற்று. ஓலைக் கூரை வீட்டில் தீப்பொறி பயமில்லாமல் சமைத்தவள் மட்டாஞ்சேரியிலேயே அவள் ஒருத்தியாகத்தான் இருக்கும். ஒரு கல் பெஞ்சில் உப்புச் சாடி, புளிப்பானை. இன்னொன்றில் அவள் உட்கார்ந்து காய் அரிவாள். கட்டினவனுக்குத் தெரியாத உபயோகமெல்லாம் அவளுக்குத் தெரிந்தது.

நாங்கள் வாடகைக்கு இருந்தவர்கள். தாத்தா தென்காசிப் பக்கமிருந்து வந்து குடியேறியவர், அப்பா அந்த வீட்டில்தான் பிறந்தார், நானும் அங்கேதான். அப்பாவுக்கு வில்லிங்டன் தீவில் ஒரு பட்டறையில் ஃபிட்டர் வேலை, காலை போட்டில் போய் மாலை போட்டில் வருவார். இரும்பை அறுத்து ராவி மயிரிழை பிசகாமல் பொருத்துகிற மனுஷர், படித்தவர் யாரையாவது கண்டால் அப்படியே உருகிப் போய்விடுவார். அந்த ஊரில் மரியாதை காட்டுவது எப்படி என்றால், முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டிய வேட்டியைச் சட்டென்று அவிழ்த்துக் கணுக்கால் வரைக்கும் இறக்கிவிட வேண்டும். அப்பா எவ்வளவு தூரத்தில் வீட்டுக்காரரைப் பார்த்தாலும் வேட்டி இறங்கிவிடும். எங்களுக்கு வீடு விட்டவர், அவரை அப்பா ‘முதலாளி’ என்றுதான் சொல்வார். “தெருக்கோடியில நிக்கிற ஆளுக்கு எதுக்கு இங்கேருந்தே வேட்டிய இறக்குறீங்க?” என்று அம்மா கேட்பாள். அப்பா சிரிப்பார்.

இனி அந்த நாளுக்கு வருகிறேன். எழுபதுகளின் கடைசியில், நான் பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் இருந்த விடுமுறை.

தென்னோலை ஒரு வருஷம்தான் தாங்கும். இடவப்பாதி மழை தொடங்குவதற்கு முன்னால், மே மாதக் கடைசியில், பழைய ஓலையைப் பிரித்தெறிந்து புதிதாக மேய வேண்டும். எங்கள் சந்தில் ஓலை வீடு இருந்த எல்லோருக்கும் இதுதான் வழக்கம். விடிந்ததும் பிரிப்பார்கள், பொழுது சாய்வதற்குள் மூடிவிடுவார்கள். அந்த ஒரு நாள், வருஷத்தில் அந்த ஒரே ஒரு நாள், வீட்டுக்குக் கூரை இருக்காது. தட்டுமுட்டுச் சாமானெல்லாம் வாசலுக்கு வந்துவிடும். மேய வந்தவர்களுக்கு வீட்டுக்காரி கஞ்சியும் கப்பைப் புழுக்கும், அதாவது மரவள்ளிக்கிழங்கு வேகவைத்தது, செய்து போட வேண்டும். மற்ற வீடுகளில் முற்றமெல்லாம் காய்ந்த ஓலை கிடப்பதால் நெருப்புக்குப் பயந்து அன்று பக்கத்து வீட்டில்தான் சமைப்பார்கள். எங்களுக்கு அந்தக் கவலை இல்லை. கணப்பு கல்லால் ஆனது. அம்மா அதற்குள் உட்கார்ந்துகொண்டு, தலைக்கு மேல் வானம் தெரிய, உலை வைப்பாள்.

அன்றைக்குப் பழைய ஓலை முழுதும் பிரித்தாகிவிட்டது. புது ஓலைக்கட்டுகள் வீட்டுக்குப் பின்னால் அடுக்கியிருந்தன. சேட்டன் முதல் வரிசை ஓலையைக் கையில் எடுத்த நேரம், வீட்டுக்காரர் வந்தார். கூடவே கழுத்தில் கேமராவோடு ஒருத்தர். அப்பாவின் வேட்டி இறங்கிற்று.

“சார் எர்ணாகுளத்துக் காலேஜ்ல பெரிய ஆளு. பழைய வீடுகளப் பத்தித்தான் படிப்பு. ஒரு நோட்டம் பாத்துட்டுப் போவாரு” என்றார் வீட்டுக்காரர்.

அந்தப் பேராசிரியர் எங்களில் யாரையும் பார்க்கவில்லை. அண்ணாந்து வளைந்த மரங்களைப் பார்த்தார். வாயைப் பிளந்துகொண்டு சுற்றிச் சுற்றி வந்தார். இங்கிலாந்தில் பழைய பண்ணை வீடுகளில் மட்டுமே இப்படி உண்டு, இந்தக் கடற்கரையிலேயே வேறெங்கும் இல்லை என்றார். “ஓலை போனப்போதான் வீட்டோட எலும்பு தெரியுது. ஒரு மணிக்கூர் ஓலை வைக்காம நிறுத்தணும்” என்றார்.

சேட்டன் மேற்கே பார்த்தார். கடல் பக்கம் கறுத்துக்கொண்டு வந்தது. “சாரே, மழை வருது” என்றார். அப்பா அவரைக் கையமர்த்தி, “ஒரு மணிக்கூர்தானே சேட்டா. படிச்சவங்க ஆசப்பட்டுக் கேக்குறாங்க” என்றார்.

அந்த ஒரு மணி நேரம் நாலு மணி நேரம் ஆயிற்று. டேப்பின் ஒரு முனையை அப்பா பிடிக்க, மறுமுனையைப் பிடித்துக்கொண்டு அந்த மனுஷர் ஒவ்வொரு மரத்தையும் அளந்தார். அப்பா பட்டறையில் செய்வது போலவே அளவைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டு, எவ்வளவு சந்தோஷமாக இருந்தார் தெரியுமா! கடைசியில் படம் எடுக்கச் சந்தின் எதிர்ப்பக்கம் போய் முக்காலியில் கேமராவை நிறுத்தினார் பேராசிரியர். குனிந்து பார்த்தார். முகம் சுளித்தார்.

“இந்தச் சாதனமெல்லாம் ஒந்நு மாத்தாமோ? வீடு மட்டும் மதி.”

வீடு மட்டும் போதுமாம். சாதனம் என்றால் எங்கள் கட்டில், எங்கள் பாய், ஆட்டுக்கல், துணிக்கொடி, கோழிகள், நாங்கள். அப்பா ஓடி ஓடி எல்லாவற்றையும் எடுத்தார். எங்களையும் விரட்டினார். “நகருங்க, நகருங்க, படத்துல விழாதீங்க!” கொடியில் காய்ந்த என் பாவாடையைக்கூட விடவில்லை, உருவிச் சுருட்டிக்கொண்டு வந்தார். மேய வந்தவர்கள் கிடங்குச் சுவரோரம் போய்க் குத்தவைத்துப் பீடி பற்றவைத்தார்கள். நகராத ஆள் ஒருத்திதான். அப்பா வாசலில் நின்று கூப்பிட்டார். “இந்தா, வெளிய வா, படம் எடுக்குறாங்க.”

“உலை கொதிக்குது” என்றாள் அம்மா உள்ளேயிருந்து. “நான் எங்கயும் வரமாட்டேன். வேணும்னா அவரு நகரட்டும்.”

கணப்புக்குள் இருப்பவள் வெளியிலிருந்து பார்த்தால் தெரியமாட்டாள் என்பதால் அப்பா விட்டுவிட்டார். படம் எடுத்தாயிற்று. அதன்பின் பேராசிரியரும் வீட்டுக்காரரும் உள்ளே வந்து, அதே அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்து கஞ்சி குடித்தார்கள். கப்பையை இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார் அந்தப் பெரிய மனுஷர். அவர்கள் போனபின் சேட்டன் பறந்து பறந்து வேலை செய்தும், முகட்டை மூடுவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. வேலை முடிந்துவிடும் என்று மேல் மச்சில் திரும்ப ஏற்றிவைத்திருந்த மெத்தையும் அரிசிச் சாக்கும் நனைந்தன. அம்மா பாத்திரங்களை ணங் ணங் என்று வைத்தாள். “சாரமில்ல, போகட்டும்” என்றார் அப்பா, தலையைத் துவட்டிக்கொண்டே. சாரமில்லையாம்! சாக்கரிசியை ஒரு வாரம் உலர்த்தியவள் நான்.

அடுத்த வருஷம் தபாலில் அந்தப் புத்தகம் வந்தது. முதல் பக்கத்தில் அப்பா பேரை எழுதி, ‘ஸ்நேகத்தோடு’ என்று கையெழுத்து. அப்பா அதைச் சந்து முழுக்கக் காட்டினார். பிறகு கட்டிலில் உட்கார்ந்து, “படி, படி” என்று என்னிடம் கொடுத்தார். எங்கள் வீட்டில் மலையாளம் நன்றாகப் படிக்கிறவள் நான்தான். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் பேசத் தெரியும், படிக்க வராது.

நான் படித்தேன். வெள்ளைக்காரனின் தாய்நாட்டு ஏக்கம் பற்றி நாலு பக்கம். வளைந்த மரங்கள் பற்றி ஆறு பக்கம். வள்ளம் கட்டிய ஆசாரிகள் பற்றி ஒரு வரி. பிறகு, குடும்பம் கூடி உட்கார்ந்து பேசுவதற்கான கணப்பைப் பின்னால் வந்த குடியிருப்பாளர்கள் சமைத்துக் கரியாக்கிக் கெடுத்தார்கள் என்றும், இறவாரத்தை நீட்டி வீட்டின் அழகைக் குலைத்தார்கள் என்றும் எழுதியிருந்தது.

“அடுப்புல சமைக்காம?” என்றாள் அம்மா. “பின்ன என்ன, பூசை பண்ணணுமா? அவரு குடிச்ச கஞ்சி எதுல வெந்துச்சாம்?”

அதன்பிறகு படத்துக்கு வந்தேன். கீழே இருந்த வரியைப் படித்தேன். கைவிட்டுப் போனபின், கூரையின்றி, பாழடைந்து. நான் தப்பாகப் படிக்கிறேன் என்று அப்பா நினைத்தார். “சரியாப் படி” என்றார். மூன்று தடவை படித்தேன். ஆளில்லாத வீடு என்று எழுதிவிட்டு அதே வீட்டுக்குத் தபாலில் புத்தகம் அனுப்புகிறானே, இவனை என்னவென்று சொல்வது! எனக்கு அழுகையும் வரவில்லை சிரிப்பும் வரவில்லை. புத்தகத்தைத் தூக்கி அடுப்பில் போடப் போனேன். அம்மாதான் பிடுங்கி வைத்துக்கொண்டாள்.

“ஏதோ அச்சுப் பிழையா இருக்கும்” என்றார் அப்பா. அவர் கணக்கில் அவரைத் தவிர யாரும் தப்பு செய்ய மாட்டார்கள்.

இரண்டு மாதத்தில் கோர்ட் நோட்டீஸ் வந்தது. வீட்டுக்காரர் போட்ட வழக்கு. வாடகைக்கு இருந்தவர்கள் வீட்டை விட்டுப் போய் வெகுகாலம் ஆகிறது, சாவியை மட்டும் வைத்திருக்கிறார்கள், கூரை விழுந்து வீடு நாசமாகிறது, ஆகையால் காலி செய்துதர வேண்டும். ஆதாரம், அந்தப் படம். வெளிநாட்டுக்காரர்கள் வந்து தங்குகிற விடுதியாக்கப் போகிறார் என்று கிடங்குத் தொழிலாளிகள் சொல்லித்தான் எங்களுக்கே தெரியும். வாழ்கிற வீட்டில் உட்கார்ந்துகொண்டு நாங்கள் வாழவில்லை என்று எழுதிய தாளைப் படிக்கிறோம்! ரேஷன் கார்டு இருக்கிறதே என்றேன் நாங்கள் வைத்த வக்கீலிடம். அது விலாசத்துக்குத்தான் சாட்சி, இருப்புக்கு ஆகாது என்று எதிர்த்தரப்பு சொல்லும் என்றார். பக்கத்து வீட்டுக்காரர்களைக் கூப்பிடலாம் என்றேன். அவர்களில் பாதிப்பேர் வீட்டுக்காரரின் கிடங்கிலேயே வேலை செய்கிறவர்கள், படம் இருக்கும்போது வாய்ச்சொல் எடுபடாது என்றார். அந்த வீட்டை விட்டால் எங்களுக்குப் போக்கிடம் இல்லை. தென்காசியில் யாரையும் எங்களுக்குத் தெரியாது, எங்களையும் யாருக்கும் தெரியாது.

அம்மா அன்று சாயங்காலம் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வாசல் வெளிச்சத்துக்குப் போனாள். எழுத்து அவளுக்கு வேண்டியிருக்கவில்லை. படத்தை மட்டும் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். அப்புறம் என்னைக் கூப்பிட்டாள்.

“இது என்னா பாரு.”

புகைபோக்கியின் வாயில் மெல்லிசாக, மேகத்தோடு சேர்ந்தும் சேராமலும், சாம்பல் நிறத்தில் ஒரு கோடு. மேலே போய் இடது பக்கம் சாய்ந்திருந்தது.

“என் கஞ்சிப் புகை” என்றாள். “ஆளில்லாத வீட்டுல யாருடி உலை வெச்சா?”

ஐயோ, நான் அவளைக் கட்டிக்கொண்டேன்! கட்டிலை நகர்த்தினோம், கோழியை நகர்த்தினோம், என் பாவாடையைக்கூட உருவினோம். புகையை அப்பாவால் நகர்த்த முடியவில்லை. பேராசிரியர் பார்க்கவில்லை, வீட்டுக்காரர் பார்க்கவில்லை, அவருடைய வக்கீலும் பார்க்கவில்லை. எல்லோரும் மரத்தைப் பார்த்தார்கள். சமைத்தவள் கண்ணுக்குத்தான் அது தெரிந்தது. படத்துக்குள்ளேயே அம்மா இருந்திருக்கிறாள்.

அடுத்து நடந்ததை எழுதவே கை கூசுகிறது. அப்பாவை எனக்கு உயிர், ஆனாலும் சொல்லித்தான் ஆக வேண்டும். மறுநாள் காலை போட் ஜெட்டியில் அப்பா வீட்டுக்காரரைப் பார்த்திருக்கிறார். வேட்டியை இறக்கிக்கொண்டு ஓடிப்போய், “முதலாளி, ஒரு நல்ல சேதி. அந்தப் படத்துல புகை தெரியுது. சார் ஏதோ தெரியாம எழுதிட்டாரு, திருத்திடலாம். வழக்கே வேண்டாம்” என்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்! நல்லவருக்கு உண்மையைக் காட்டினால் போதும் என்று நினைத்தார். வீட்டுக்காரர் அவருக்குச் சாயா வாங்கிக் கொடுத்து, தோளில் தட்டி, “நீ சொன்னது நன்னாயி” என்றாராம்.

அதுவரை கோர்ட்டில் கொடுத்தது புத்தகத்தின் பேர் மட்டும்தான். அடுத்த வாய்தாவில் அவர்கள் படத்தைப் பெரிதாக்கிக் கொண்டுவந்து கொடுத்தார்கள். பிரதி எங்கள் வக்கீலிடம் வந்தது. புகை இல்லை. ஸ்டூடியோக்காரன் தூரிகையால் தடவியிருக்கிறான். புகைபோக்கிக்கு மேலே சுவரில் சுண்ணாம்பு ஒட்டுப்போட்ட மாதிரி ஒரு வெள்ளை. மற்ற இடமெல்லாம் மேகம். எங்கள் புத்தகத்தில் இருக்கும் கோட்டை அச்சுக் கறை என்று சொல்லிவிடுவார்கள் என்றார் வக்கீல்.

அன்று நான் அப்பாவிடம் பேசிய பேச்சு இருக்கிறதே! மகள் பேசக்கூடாததெல்லாம் பேசினேன். “உங்களுக்குப் புத்தி இருக்கா? வீட்ட நீங்களே காலி பண்ணிக் காட்டினீங்க, படம் எடுத்தாங்க. இருந்த ஒரு சாட்சியையும் நீங்களே கொண்டுபோய்க் குடுத்துட்டு வந்து நிக்கிறீங்க. அந்த ஆளு வாங்கிக் குடுத்த சாயா அவ்வளவு ருசியா?” தங்கை அழுதாள். அம்மா என்னை அடக்கவில்லை, அதுதான் அப்பாவுக்குப் பெரிய அடி என்று பிறகு புரிந்தது. அவர் வெளியே போய், இறவாரத்தின் கீழே சுவரில் சாய்ந்து நின்றார். அப்பா பிறந்த வீடு அது.

எங்கள் வக்கீல் ஒன்று செய்தார். இடத்தைப் பார்த்து எழுதித்தர ஒரு கமிஷனரை அனுப்பக் கேட்டார். கமிஷனர் என்றால் போலீஸ் இல்லை, கோர்ட் அனுப்புகிற இன்னொரு வக்கீல். கேட்டது கிடைக்கவே ஒரு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. அதற்குள் நான் எர்ணாகுளத்தில் காலேஜில் சேர்ந்துவிட்டேன். ஒவ்வொரு மே மாதமும் ஓலை பிரிக்கும்போது அம்மா வாசலில் அரிவாளோடு நிற்பாள், கேமராவோடு எவனாவது வருகிறானா என்று பார்க்க. ஓலை ஏறி முடிகிற வரைக்கும் அவள் பச்சைத் தண்ணீர் குடிக்க மாட்டாள்.

கமிஷனர் வந்தது கர்க்கிடக மாதத்தில், நம் ஆடியில், ஒரு மழை நாளில். நடுவயது, குடை, தோல் பை, கூடவே படம் எடுக்க ஒரு ஸ்டூடியோக்காரர். வீட்டுக்காரரும் அவர் வக்கீலும் பின்னால் வந்தார்கள். கமிஷனர் நுழையும்போதே நெற்றியில் இடித்துக்கொண்டார். “எங்க வீட்டுக்குப் பழகாதவங்க எல்லாருக்கும் இதுதான் சார்” என்றேன் நான், ‘எங்க’ என்பதை அழுத்தி. வெளியே கொட்டோ கொட்டென்று கொட்டிற்று. உள்ளே ஒரு சொட்டு இல்லை. அவர் அண்ணாந்து கூரையைப் பார்த்தார், தரையைப் பார்த்தார், கணப்புக்குள் கல் பெஞ்சில் உட்கார்ந்து தலையைத் துடைத்துக்கொண்டார். அம்மா சாயா கொடுத்தாள். கூடவே புத்தகத்தையும் கொடுத்தாள், கையெழுத்துப் போட்ட பக்கத்தோடு.

அவர் பையிலிருந்து கோர்ட் படத்தை எடுத்தார். இரண்டையும் மடியில் பக்கம் பக்கமாக வைத்தார். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்குத் தூக்கிவிட்டுக் கிட்டத்தில் பார்த்தார்.

“இந்தப் புகை எவிடெப் போயி?” என்று வீட்டுக்காரரைக் கேட்டார்.

“அது... பிரிண்டிங்ல ஏதாவது...” என்றார் வீட்டுக்காரர்.

“பிரிண்டிங்ல புகை போகுமோ?” கமிஷனர் அம்மாவைப் பார்த்தார். “அன்னிக்கு நீங்க எவிடெ இருந்தது?”

“இப்ப நீங்க உக்காந்திருக்கீங்களே சார், அந்த இடத்துல” என்றாள் அம்மா. “உலை வெச்சுக்கிட்டு. அந்தக் கஞ்சிய இவரும் குடிச்சாரு. இல்லேன்னு சொல்லச் சொல்லுங்க.”

வீட்டுக்காரர் குடையின் கைப்பிடியைத் திருகிக்கொண்டிருந்தார். எனக்கு அந்தக் குடையைப் பிடுங்கி உடைக்க வேண்டும் போலிருந்தது.

தீர்ப்பு பிறகு எங்கள் பக்கம்தான் வந்தது. புத்தகத்தை மட்டும் யாரும் திருத்தவில்லை. பேராசிரியருக்கு நான் இரண்டு கடிதம் போட்டேன், மலையாளத்தில், என்னால் முடிந்த அளவு மரியாதையாக. பதில் இல்லை. ஆனால் தீர்ப்பு வந்த நாளைவிட எனக்கு மனசில் நிற்பது அந்த மழை நாளின் கடைசி அரை மணி.

மழை சற்று விட்டது. வெளியிலிருந்து வீட்டை ஒரு படம் எடுக்கச் சொன்னார் கமிஷனர். ஸ்டூடியோக்காரர் சந்தின் எதிர்ப்பக்கம் போனார். முன்னால் அந்தப் பேராசிரியர் நின்ற அதே இடம். கேமராவை நிறுத்தினார், குனிந்தார், கையை ஆட்டினார்.

“எல்லாரும் ஒந்நு மாறி நில்க்கணே.”

நான் நகர்ந்தேன். பழக்கம்! தங்கையும் நகர்ந்தாள். அப்பா நகரவில்லை. விடுவிடுவென்று உள்ளே போனார். கட்டிலைத் தூக்கிக்கொண்டு வந்து வாசலுக்கு முன்னால், ஈரத்தில், பொத்தென்று போட்டார். திரும்பிப் போய்க் கோழிக்கூடையைக் கொண்டுவந்து கட்டில்மேல் வைத்தார். குடம், முறம், பாய், சைக்கிள், என் காலேஜ் புத்தகங்கள், கொடியில் கிடந்த துணி எல்லாம் வந்தன. ஆட்டுக்கல்லை உருட்டப் பார்த்து முடியாமல் மூச்சு வாங்கினார். மழைக்காக மடித்துக் கட்டிய வேட்டி முழங்காலுக்கு மேலேயே இருந்தது. வீட்டுக்காரர் பத்தடியில் நின்றார், கமிஷனர் ஐந்தடியில். வேட்டி இறங்கவில்லை.

“இத்ரயும் வேண்டா சேட்டா” என்றார் கமிஷனர்.

“வேணும் சார்” என்றார் அப்பா. என்னையும் தங்கையையும் கையைப் பிடித்து இழுத்துக் கட்டிலுக்கு முன்னால் நிறுத்தினார். பிறகு வாசல் பக்கம் திரும்பிக் கூப்பிட்டார்.

“இந்தா, வெளிய வா. இந்தத் தடவ நீயும் படத்துல விழணும்.”

“உலை கொதிக்குதே!” என்றாள் அம்மா உள்ளேயிருந்து.

“கொதிக்கட்டும்” என்றார் அப்பா.

அம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே குனிந்து வெளியே வந்து, அவர் பக்கத்தில் நின்றாள்.